தோட்டத்தில் மார்க் கேட்காதீங்க!



"ஒன்பதாவது வந்துட்ட, இன்னும் என்ன மண்ணுல விளையாட்டு? போய்ப் படி!" இதைக் கேட்காதவர்கள் நம் வகுப்பில் ரொம்பக் குறைவு. படிக்கச் சொல்வது சரிதான். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அரை மணி நேரம் வேலை செய்வது வீண் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செடிக்கு மட்டும் இல்லை, நம் மனசுக்கும் அது தண்ணீர் ஊற்றுகிறது.

நெதர்லாந்து நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். 30 பேருக்கு முதலில் டென்ஷன் ஆகிற மாதிரி ஒரு வேலை கொடுத்தார்கள். பிறகு 30 நிமிடம் சிலரைத் தோட்ட வேலைக்கும் சிலரை வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்கவும் அனுப்பினார்கள். டென்ஷன் ஆகும்போது உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். அதை எச்சிலில் அளந்து பார்த்தால், இரண்டு பக்கமும் குறைந்திருந்தது, தோட்டத்தில் நின்றவர்களுக்கு அதிகமாகவே குறைந்திருந்தது. (படித்தவர்கள் கையில் இருந்தது கணக்குப் புத்தகம் இல்லை, அதையும் கவனிக்கணும்!) ஆனால் அந்த 30 பேரும் ஏற்கனவே தோட்டம் வைத்திருந்தவர்கள். அதனால் எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் மறுவாழ்வுப் பயிற்சிகளில் தோட்டக்கலை ஒன்று.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம பாகூர்ப் பக்கமே பார்க்கலாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் வந்தது. மூழ்கிய நெல்லை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்று போனதை யாரும் எழுதவில்லை. எங்கள் அப்பா எது கேட்டாலும் "ம்", "சரி", அவ்வளவுதான். அம்மா கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

சாய்ந்து கிடந்த அவரைப் பந்தலை நிமிர்த்தச் சொன்னது ஆயாதான். அப்பா கம்பு நட்டார், தம்பி கயிறு பிடித்தான், அம்மா சேறு மூடின பாத்தியைக் கொத்தினாங்க, நான் கீரை விதையை மணலில் கலந்து தூவினேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, களை பிடுங்கிக்கொண்டே, தலை நிமிராமலே, கடன் எவ்வளவு என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் நிமிரவில்லை. "சரி, பார்த்துக்கலாம்"னாங்க. முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் குனிந்து வேலை செய்யும்போது சொல்லிவிட முடிகிறது. கடன் குறையவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போது பெற்றோரிடம் சண்டை. பல வீடுகளில் தண்ணீர் ஊற்றுவது பெண் பிள்ளை வேலை, தம்பிக்கு கிரிக்கெட். அது சேர்ந்து தோட்டம் போடுவது ஆகாது, நமக்கு இன்னொரு பாத்திரம் தேய்க்கிற வேலை. இன்னொன்று, செடிக்குப் பக்கத்தில் வந்து நின்று "கணக்குல எவ்ளோ மார்க்?" என்று கேட்காதீங்க. அதைக் கேட்க வீட்டுக்குள் இடம் இருக்கு.

ஆசிரியர்கள் மன்னிக்கணும். லேட்டாக வந்தால் புல் பிடுங்கு என்று தண்டனை கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. களைக்கொட்டைப் பார்த்தாலே திட்டு ஞாபகம் வந்தால், அந்தப் பிள்ளைக்குத் தோட்டத்தில் என்ன நிம்மதி கிடைக்கும்? தண்டனைக்கு வேறு ஏதாவது வையுங்கள்.

தோட்டம் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. நாள்கணக்கில் தூக்கம் வராமல், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் செடியிடம் சொன்னால் போதாது. டீச்சரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

ஆடிப் பட்டத்துக்கு அவரை விதை எங்கள் வீட்டில் சாம்பல் கலந்து பானையில் இருக்கிறது. வேண்டியவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்பதாம் வகுப்பில் வந்து கேட்கவும். ஒரு ஆளுக்கு ஐந்து விதை. வீட்டில் இரண்டு பேராவது சேர்ந்து நடணும், அதுதான் நிபந்தனை.