பூச்சி செத்தா போதுமா?

திருப்பூர் பக்கம் யாருக்காவது மூச்சிரைப்பு வந்தா முதல்ல வர்ற பேச்சு, "எல்லாம் பஞ்சுத் தூசிங்க." அதுல உண்மை இல்லாம இல்லை. நூல் மில்லுல வருசக்கணக்கா வேலை செய்யறவங்களுக்கு பஞ்சுத் தூசியால நெஞ்சடைப்பு வரும். லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பற முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கம் அதிகம்கிறது அந்த நோயோட அடையாளம். ஆனா மில்லு வாசப்படியையே மிதிக்காத நாலு வயசுக் குழந்தை ராத்திரியானா இழுத்துக்கிட்டுக் கிடக்குதே, அது எதனால? அதுக்கும் பஞ்சு மேல பழியைப் போட்டுட்டு இருந்துடறோம். அடுப்படி அலமாரிக்குப் பின்னால யாரும் டார்ச் அடிச்சுப் பார்க்கிறதில்லை.

கரப்பானைத்தான் சொல்றேன். தோல்ல வர்ற சொறிநோய்க்கும் கரப்பான்னு பேர் உண்டு, அது வேற. நான் சொல்றது பூச்சியை.

கரப்பான் கடிச்சு வர்ற நோய் இல்லைங்க இது. அதோட எச்சம், எச்சில், உரிச்ச தோல், செத்த உடம்பு எல்லாம் காய்ஞ்சு பொடியாகி வீட்டுத் தூசியோட கலந்துடுது. கூட்டும்போதும் பாயை உதறும்போதும் கிளம்பி மூக்குக்குள்ள போகுது. ஒத்துக்காத உடம்புக்கு தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, தடிப்பு, கடைசியில வீசிங். அமெரிக்காவுல ஏழை ஜனங்க நெருக்கி வாழற 8 பகுதிகள்ல, ஆஸ்துமா இருக்கிற 476 குழந்தைகளை ஆராய்ச்சி பண்ணி 1997ல வெளியிட்டாங்க. கரப்பான் ஒத்துக்காம, படுக்கிற அறையிலயும் கரப்பான் தூசி அதிகமா இருந்த பிள்ளைங்க, மத்த பிள்ளைகளைவிட மூணு மடங்குக்கு மேல ஆஸ்பத்திரியில சேர வேண்டியிருந்துச்சு.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம லைன் வீடுங்கதான் ஞாபகம் வந்துச்சு. கிணறு வத்தின காட்டுல எல்லாம் இப்ப லைன் வீடுதான் விளையுது. ஒரே சுவத்துக்கு ரெண்டு பக்கமும் குடித்தனம், ஒரே ரூம்ல அடுப்பும் பாயும். குழாய் போற ஓட்டை எட்டு வீட்டுக்கும் ஊடால திறந்து கிடக்கும். ஒரு வீட்ல ஸ்ப்ரே அடிச்சா கரப்பான் அடுத்த வீட்டுக்குப் போகும், நெடி போனதும் திரும்பி வரும். இதுல குடியிருக்கிற பீகார்க்காரப் பொண்ணையோ தேனிக்காரப் பொண்ணையோ "சுத்தமா வெச்சுக்கத் தெரியலை"ன்னு பேசறது எனக்குப் பிடிக்கலை. அவ ஒருத்தி கழுவித் துடைச்சு என்ன ஆகும்?

என்கிட்ட சில பேர் வந்து, "தோட்டத்துக்கு வாங்கின மருந்து மிச்சம் இருந்தா கொஞ்சம் ஊத்திக் குடுங்க"ன்னு கேக்கறாங்க. குடுக்க மாட்டேன். அது காத்தாடற காட்டுல அடிக்கிற விஷம். பத்துக்குப் பத்து ரூம்ல அடிச்சா முதல்ல பாதிக்கிறது தரையில தவழற பிள்ளையைத்தான். ஏற்கெனவே இழுக்கிற நெஞ்சுக்கு கடை ஸ்ப்ரேயும் கொசுவத்திப் புகையுமே ஆகாது. அதுவுமில்லாம, பருத்தியில காய்ப்புழுவுக்கு அடிச்சு அடிச்சு கடைசியில எந்த மருந்துக்கும் புழு சாகாமப் போன கதையை நாங்க பார்த்தவங்க. வீட்டுக் கரப்பானும் அப்படித்தான் பழகிக்குது.

தலைக்குப் பின்னால ரெண்டு கருப்புக் கோடு போட்ட, சின்ன பழுப்புக் கரப்பான் இருக்கே, அதுதான் அடுப்படியில பெருகறது. ஒரு முட்டைப்பைக்குள்ள 30, 40 முட்டை இருக்கும். தீனி இல்லாம நாள்கணக்குல தாங்கும், தண்ணி இல்லாம அவ்வளவு தாங்காது. அதனால ஒழுகற குழாயைச் சரி பண்றதுதான் முதல் வேலை. ராத்திரி எச்சில் பாத்திரம் போட்டு வைக்காதீங்க, அட்டைப்பெட்டி சேர்த்து வைக்காதீங்க. கடையில கிடைக்கிற ஜெல் மருந்தை அலமாரிக் கீல், சிலிண்டர் மூலைன்னு குழந்தை கைக்கு எட்டாத சந்துல பொட்டுப் பொட்டா வைங்க. அந்த இடத்துல ஸ்ப்ரே அடிச்சுடாதீங்க, அப்புறம் கரப்பான் ஜெல்லைத் தின்னாது.

எல்லாம் செத்துருச்சுன்னு அங்கயே நிறுத்திடறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்தாமை. பூச்சி போனாலும் அது விட்டுட்டுப் போன பொடி மாசக்கணக்குல வீட்டுக்குள்ள கிடக்கும். சோப்புத் தண்ணியில துணியை நனைச்சு அலமாரி, சந்து, கட்டில் அடியெல்லாம் திரும்பத் திரும்பத் துடைக்கணும். வறட்டு விளக்குமாறு வேண்டாம். மூச்சுத் தொந்தரவு உள்ளவர் அந்த நேரம் வெளியில இருக்கட்டும். டாக்டர் குடுத்த இன்ஹேலரை இதைச் செஞ்சுட்டோம்னு நிறுத்தக் கூடாது. எது ஒத்துக்கலைன்னு தோல்ல குத்திப் பார்க்கிற டெஸ்ட் இருக்கு, டாக்டர்கிட்டக் கேளுங்க. வீட்டுத் தூசியில இருக்கிற, கண்ணுக்கே தெரியாத உண்ணிகூடக் காரணமா இருக்கலாம்.

இதைப் படிக்கிற உங்கள்ல சில பேரோட அப்பாவும் ஊர்ல லைன் வீடு கட்டி விட்டிருப்பாங்க. குழாய் ஓட்டைகளைச் சிமெண்ட் வெச்சு அடைக்க ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. எட்டு வீட்டுக்கும் ஒரே நாள்ல ஜெல் வைக்கிறது வீட்டுக்காரர் மனசு வெச்சா மட்டும்தான் நடக்கும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவர்கிட்டப் பேசுங்க. வாடகை ஏத்தற மாசமாப் பார்த்துப் பேசினா இன்னும் நல்லது.