முதல் பத்து நிமிஷம் சர்வீஸுக்கு!



மதியம் மணி அடித்ததும் விளையாட்டு அறைக்கு ஓடுகிற எல்லாருக்கும் நம்ம டி.டி. டேபிளோட சட்டம் தெரியும். ஜெயிச்சவர் நிப்பார், தோத்தவர் வெளியே. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நடப்பது என்ன? பத்தாம் வகுப்பு அண்ணன்கள் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஜெயிக்கிறாங்க. ஆறாம் வகுப்புத் தம்பிகள் சுவரோரம் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு, பேட்டையே தொடாமல் கிளாசுக்குப் போறாங்க. பெண்கள் கதவு வரை வந்து எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிடறாங்க. இந்த டேபிள் எல்லாருக்கும் பொதுவானதுதானே?

அதனால் என் கருத்து இது: தினமும் மேட்ச் ஆரம்பிக்கும் முன்னால் முதல் பத்து நிமிஷம் சர்வீஸ் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். டேபிளின் ஒரு பக்கம் இரண்டு பேர் நின்று ஆளுக்குப் பாதி இடத்தில் சர்வீஸ் போடட்டும். எதிர்ப்பக்கம் இரண்டு பேர் பந்து பிடிக்கட்டும். ஐந்து நிமிஷத்தில் இடம் மாறலாம். நிதானமாப் போட்டாலே ஒருத்தருக்கு நாற்பது சர்வீஸ் கிடைக்கும். 11-5ன்னு முடியற ஒரு மேட்ச்ல எத்தனை கிடைக்கும்? எட்டே எட்டு!

டேபிள் டென்னிஸ்ல மத்த அடி எல்லாம் எதிராளி அனுப்பும் பந்தைப் பொறுத்தது. சர்வீஸ் ஒண்ணுதான் முழுக்க நம்ம கையில் இருப்பது. முன்பு ஒரு செட்டுக்கு 21 பாயிண்ட்; ஒருத்தர் தொடர்ந்து ஐந்து சர்வீஸ் போடுவார். 2001-ல் அதை 11 பாயிண்ட்டாகக் குறைத்து, ஆளுக்கு இரண்டு சர்வீஸ் என்று மாற்றினார்கள். 10-10 வந்துட்டா ஒவ்வொண்ணுதான். செட் சின்னதானதால் வீணாப் போற ஒவ்வொரு சர்வீஸும் இப்ப அதிகமா வலிக்குது.

இன்னொரு விஷயம். மதிய மேட்ச்ல நாம பார்க்கும் சர்வீஸில் பாதி சர்வீஸே இல்லீங்க! பந்தை விரலால் பிடித்துக்கொண்டு நேரா பேட் மேலேயே போட்டு அடிக்கிறாங்க. இங்கே யாரும் கேட்பதில்லை. வெளியே கேட்பாங்க. போன வருஷம் ஜோனல் மேட்ச்ல நம்ம பள்ளி அண்ணன் ஒருத்தருக்கு முதல் செட்டிலேயே மூன்று பாயிண்ட் இப்படித்தான் போச்சு. அவர் ஆட்டத்தில் குறையே இல்லை.

விதி என்ன சொல்லுது? உள்ளங்கை விரிஞ்சிருக்கணும், அசையாம இருக்கணும், பந்து அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கணும். பந்தைச் சுழற்றாமல் நேராக மேலே 16 சென்டிமீட்டராவது தூக்கிப் போட்டு, அது இறங்கும்போதுதான் அடிக்கணும். ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் 15 சென்டிமீட்டர். அதுக்கு மேலே ஒரு விரல் அகலம்னு வச்சுக்கலாம். பந்து டேபிளின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், டேபிள் மட்டத்துக்கு மேலே இருக்கணும். கையாலோ உடம்பாலோ எதிராளிக்கு மறைக்கக் கூடாது.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதில் சலுகை கிடையாது. 2012 லண்டன் ஒலிம்பிக் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம். 2011-ல் உலக சாம்பியனான சீனாவின் டிங் நிங், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது போலப் போடும் சர்வீஸுக்குப் பேர் போனவர். அவருடைய சர்வீஸ் சரியில்லை என்று நடுவர் பாயிண்டைப் பறித்தார். சக வீராங்கனை லி சியாவ்சியாவிடம் அவர் தோற்றார். நாலு வருஷம் கழித்து ரியோ இறுதியில் அதே லி சியாவ்சியாவை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்!

சரி, பத்து நிமிஷத்தில் என்ன செய்யறது? முதலில் பேட்டே வேண்டாம். பந்தைத் தூக்கிப் போட்டு அதே உள்ளங்கையில் பிடிக்கப் பழகுங்க. பந்து கோணலா ஓடுதுன்னா சர்வீஸும் கோணல்தான். அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு கைக்குட்டையை விரித்து அதில் விழவைக்கப் பாருங்க. நீளமான வேக சர்வீஸ் வேணும்னா பந்து நம்ம பக்கக் கடைசிக் கோட்டுக்கிட்டே முதலில் குத்தணும். குட்டை சர்வீஸுக்கு அப்படி இல்லை, இன்னும் நெட் பக்கமா குத்தணும், வேகமும் குறையணும். எதிர்ப்பக்கம் இரண்டு தடவை துள்ளினால் நல்ல குட்டை சர்வீஸ்.

ஸ்பின்தான் ருசியான பகுதி. பேட்டைக் கட்டையை அமுக்கற மாதிரி பிடிச்சா மணிக்கட்டு திரும்பாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிச்சாப் போதும், மத்த மூணையும் தளர்த்துங்க. பந்தைத் தட்டாமல் அதன் அடியில் மெல்லிசா உரசணும். தட்டினா 'டொக்'குன்னு சத்தம் வரும், உரசினா சத்தமே அவ்வளவா கேக்காது. வீட்டில் டேபிள் இல்லாதவங்க தரையிலேயே பழகலாம். பேக் ஸ்பின் வச்சுப் போட்ட பந்து முன்னால் போய் விழுந்து, நாய்க்குட்டி மாதிரி நம்ம கிட்டேயே திரும்பி வரும். வந்துட்டா ஸ்பின் விழுதுன்னு அர்த்தம். அதுக்கு அப்புறம், அதே கையசைவில் ஸ்பின்னே இல்லாத பந்தையும் போடக் கத்துக்கிட்டா எதிராளி குழம்பிப் போவார். அவர் பேக் ஸ்பின் என்று நினைத்துத் தூக்கி எடுக்க, பந்து உயரமா வந்து நிக்கும். அடிக்க வேண்டியதுதான்.

"மேட்ச் ஆடினாத்தானே ஆட்டம் வரும்"னு அண்ணன்கள் சொல்றாங்க. உண்மைதான், மேட்ச் வேண்டாம்னு யார் சொன்னா? பத்து நிமிஷம் போக மீதி நேரம் மேட்ச்தான். ஆனா பொழுதன்னைக்கும் மேட்ச்னா, தெரிஞ்ச இரண்டு சர்வீஸையே திரும்பத் திரும்பப் போடுவோம். தோத்தா வெளியே போகணுமே, புதுசா முயற்சி பண்ண யாருக்குத் தைரியம் வரும்? நம்ம சென்னைக்காரர் சரத் கமல் 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். 2022 பர்மிங்ஹாமில் நாற்பது வயதில் மறுபடியும் வாங்கினார். கால் வேகத்தை மட்டும் நம்பி அது நடந்திருக்காது.

பி.டி. சாருக்கு ஒரு வேண்டுகோள். பீரோவில் இருக்கும் பழைய பந்துகளில் விரிசல் இல்லாத பன்னிரண்டு பந்து கொடுத்தாப் போதும். அந்தப் பத்து நிமிஷம் ஃபேனை நிறுத்தவும் அனுமதி வேண்டும். பந்தோட எடையே 2.7 கிராம்தான் சார். வாரத்தில் இரண்டு நாளாவது பெண்களுக்கு முதல் முறை கொடுங்க. ஆறாம், ஏழாம் வகுப்புக்கும் நாள் பிரிச்சுக் கொடுங்க.

இந்தத் தாளுக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இடம் விட்டிருக்கேன். வர விரும்பறவங்க பேரும் வகுப்பும் எழுதுங்க. பென்சிலில் வேண்டாம், யாராவது அழிச்சிடுவாங்க.