கீரைக்காரம்மாகிட்ட மிச்சம் பிடிக்கிற அஞ்சு ரூபா

போன மாசம் பேத்தியைப் பாக்கணும்னு நானும் சம்சாரமும் சென்னைக்குப் போயி ஒரு வாரம் மகள் வீட்டுல இருந்தோம். ரெண்டாவது மாடி. காலையில ஏழு மணிக்கு ஒரு கீரைக்காரம்மா தெருவுல கூவிக்கிட்டு வரும். என்னைவிட பத்து வயசு கூட இருக்கும். மகள் மாடியிலேர்ந்து கயித்துல கூடையை இறக்கிவிட்டு, "அரைக்கீரை எவ்ளோ?"ன்னு கேட்டா. "20 ரூபா கண்ணு"ன்னுச்சு அந்தம்மா. "15ன்னா வைங்க, இல்லாட்டி வேணாம்." அந்தம்மா கொஞ்ச நேரம் மேல பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் ஒண்ணும் பேசாம கட்டைக் கூடையில வச்சுது. உள்ள வந்த மகளுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களாப்பா, பேரம் பேசலைன்னா ஏமாத்திடுவாங்க."

அன்னிக்கு மத்தியானம் என் சம்சாரம் ஃப்ரிட்ஜைத் துடைக்கிறேன்னு உள்ள இருந்ததை எல்லாம் எடுத்து வெளிய வச்சா. அழுகின கொத்தமல்லிக் கட்டு ஒண்ணு, வாடின பீன்ஸ், பாதி வெட்டின முட்டைக்கோஸ், பிரிக்காமலே கெட்டுப்போன காளான், புளிச்சு உப்பிப்போன தோசை மாவு பாக்கெட். எல்லாம் குப்பைக் கூடைக்குப் போச்சு. மனசுக்குள்ள கூட்டிப் பாத்தேன். 200 ரூபாய்க்குக் குறையாது. கீரைக்காரம்மாகிட்ட தினம் அஞ்சு அஞ்சு ரூபாயா 40 நாள் பேரம் பேசினாத்தான் அந்தப் பணம் திரும்பி வரும்.

மகள் மேல குத்தம் சொல்லி இதை எழுதலை. அவ நல்ல பிள்ளை, ரெண்டு பேரும் வேலைக்குப் போயிதான் குடும்பம் நடத்துறாங்க. ஆனா நகரத்துல 'சிக்கனம்'னு எதைச் சொல்றாங்களோ அது தப்பான இடத்துல நடக்குது. இதைச் சொன்னா உங்கள்ல சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அதே வாரம் ஊர்ல எங்க தக்காளி பறிப்பு. தம்பி பாத்துக்கிட்டான். சாயங்காலம் போன் போட்டு, "அண்ணே, பெட்டி 90 தாண்டலை"ன்னான். பெட்டின்னா 14 கிலோ. கணக்கு சொல்றேன், கேளுங்க. மண்டியில கமிஷன் 9 ரூபா. வண்டி வாடகையும் ஏத்து இறக்குக் கூலியும் 20. பறிப்புக் கூலி பெட்டிக்கு 48. போக மிச்சம் 13 ரூபா. நாத்து, உரம், மருந்து, குச்சி, கயிறு, மூணு மாசம் தண்ணி கட்டின என் உழைப்பு எல்லாத்துக்கும் சேத்துதான் அந்த 13. ஒரு கிலோவுக்கு ஒரு ரூபா கூட நிக்கலை.

அன்னிக்கு ராத்திரி மகள் போன்லயே தக்காளி சொன்னா. கிலோ 28 ரூபா. பத்து நிமிஷத்துல பையன் மழையில நனைஞ்சுக்கிட்டு கொண்டாந்து குடுத்தான். டெலிவரிக் கட்டணம் தனி. 28 ரூபா கணக்குல 14 கிலோ 392 ரூபா ஆச்சு. அதுல என் கைக்கு வந்தது 13. நடுவுல வண்டிக்காரர், கூலிக்காரங்க, கடைக்காரங்கன்னு பல பேர் பிழைக்கணும், அதை நான் மறுக்கலை. ஆனா "தக்காளி விலை ஏறிப்போச்சு, விவசாயிக்கு நல்ல காசு"ன்னு யாராவது சொன்னா எனக்கு அடிவயிறு எரியுது.

2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டுச்சே, ஞாபகம் இருக்கா? டிவியில எல்லாம் அதுதான் பேச்சு. சென்னையில ரேஷன் கடையிலயே கிலோ 60 ரூபாய்க்குக் குடுத்தாங்க. ஏழை எளியவங்களுக்கு அது நல்ல காரியம், நான் வேணாம்னு சொல்லலை. ரெண்டே மாசத்துல விலை தரைக்கு வந்துடுச்சு. எங்க ஊருக்கு அப்ப ஒரு வண்டி கூட வந்து எங்க தக்காளியை வாங்கிக்கிட்டுப் போகலை. விலை ஏறினா நாட்டுப் பிரச்சினை, இறங்கினா எங்க வீட்டுப் பிரச்சினை.

சரி, காசு எங்கதான் போகுது? ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையோட பெரிய கடைக்கு நானும் போனேன். பில்லை வாங்கி ஆட்டோவுல படிச்சுக்கிட்டே வந்தேன். காய்கறி மொத்தம் பில்லுல ஆறுல ஒரு பங்கு கூட இல்லை. மிச்சமெல்லாம் பாக்கெட். இட்லி மாவு ஒரு கிலோ 60 ரூபா. வீட்டுல அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு ஆட்டினா கரண்டு சேத்தே 30 ரூபாய்க்குள்ள முடியும். ரேஷன் புழுங்கலரிசியைக் கலந்தா இன்னும் குறையும். நறுக்கின காய் ஒரு டப்பா, முழுக்காயைப் போல ரெண்டு மடங்கு விலை. 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்'னு எடுத்த பிஸ்கட்டு, வீட்டுல ஏற்கெனவே மூணு கிடக்குது. பழைய விலைதான்னு எடுக்குற பாக்கெட்டுல எடை குறைஞ்சிருக்கு, யாரும் திருப்பிப் பாக்குறதில்லை. இப்ப ஒரு கிராம் என்ன விலைன்னும் பாக்கெட்டுலயே போடணும்னு சட்டம் இருக்கு. அந்தச் சின்ன எழுத்தைப் படிங்க.

அங்க யாரும் பேரம் பேசலை. பேச முடியாது, கோடு போட்ட விலை. அங்க பேச முடியாத பேரத்தைத்தான் நீங்க தெருவுல தலைச்சுமையோட வர்றவங்ககிட்ட பேசுறீங்க.

சரி, எப்படித்தான் மிச்சம் பிடிக்கிறது? எங்க அம்மா செஞ்சதைச் சொல்றேன்.

எந்தப் பொருள் எப்ப விளையுமோ அப்ப வாங்கணும். துவரை தை, மாசியில வரும். புளி மாசி, பங்குனியில. மல்லியும் மிளகாய் வத்தலும் கிட்டத்தட்ட அதே சமயம். அந்த நேரம் வாங்கி நல்லா காய வச்சு எடுத்து வச்சா வருஷம் ஓடும். துவரம்பருப்புல விளக்கெண்ணெய் லேசா தடவி வெயில்ல போட்டு எடுத்தா வண்டு அண்டாது. புளியைக் கொட்டை எடுத்து உப்பு தூவி ஜாடியில அமுக்கி வைப்பாங்க. அரிசியில வேப்பிலையோ வசம்போ போடுவாங்க. முருங்கைக்காய் பனிக்காலத்துல தங்க விலை விக்கும், வெயில்காலத்துல சீண்ட ஆள் இருக்காது. மார்கழியில முருங்கைக்காய் சாம்பார் இல்லைன்னா என்ன, அவரைக்காய் இருக்கே. தக்காளி மலிவா இருக்கிறப்ப அஞ்சு கிலோ வாங்கித் தொக்கு கிண்டி வைங்க. கத்தரிக்காயும் கொத்தவரங்காயும் மலிஞ்சா வத்தல் போடுங்க. நீங்க மலிவுல வாங்கினா உங்களுக்கும் லாபம், கேக்க ஆள் இல்லாத நேரத்துல வாங்குறதால எங்களுக்கும் உதவி. அதுதான் நியாயமான மலிவு.

உழவர் சந்தைக்குப் போங்க. 1999ல மதுரை அண்ணா நகர்ல ஆரம்பிச்சது, இப்ப பல ஊர்ல இருக்கு. அடையாள அட்டை வச்ச விவசாயிதான் அங்க விக்கலாம். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேல, வெளிக்கடை விலைக்குக் கொஞ்சம் கீழன்னு பலகையில தினமும் விலை எழுதிப் போடுவாங்க. உங்களுக்கும் குறையுது, எங்களுக்கும் கூடுது, கமிஷனும் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் வெள்ளனே எந்திரிச்சா போதும்.

இதையெல்லாம் சொன்னதும் மகள் சொன்னா: "அப்பா, எங்களுக்கு நேரம் எங்க இருக்கு? இந்த வீட்டுல மூட்டையை எங்க வைக்கிறது?" நியாயமான கேள்வி. பத்துக்குப் பத்து சமையக்கட்டுல வருஷச் சாமான் வைக்க முடியாது, மொட்டை மாடியில வத்தல் காயப்போட வீட்டுக்காரர் விடமாட்டார். சமையலை எல்லாம் பொம்பளைப் பிள்ளை தலையிலேயே கட்டிட்டு சிக்கனம் பேசுறதும் தப்புதான். மாவாட்டுறது மாப்பிள்ளைக்கும் தெரியட்டும், நானும் இப்பத்தான் கத்துக்கிட்டேன். எல்லாத்தையும் செய்ய வேணாம். பருப்பு, புளி, வத்தல்னு மூணே சாமான் போதும். அதே மாடியில இருக்கிற நாலு வீடு சேந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு ஒரு தூக்குவாளி இடம்தான்.

எங்க ஆளுங்களும் யோக்கியம் இல்லை. எங்க ஊர்ப் பெட்டிக்கடையிலயே மசாலா பாக்கெட் சரம் சரமா தொங்குது. மிளகாய் வெளைவிச்ச வீட்டுலயே மிளகாய்த்தூள் பாக்கெட் வாங்குறாங்க. என் வீடு உட்பட.

கிளம்புற அன்னிக்குக் காலையில கீரைக்காரம்மா வந்துச்சு. நான் கீழ இறங்கிப் போயி ரெண்டு கட்டு வாங்கி 40 ரூபா குடுத்தேன். "எங்கிருந்தும்மா வர்றீங்க?"ன்னு கேட்டேன். விடிய மூணு மணிக்கு எந்திரிச்சு, மார்க்கெட்டுல கட்டு 12 ரூபாய்னு எடுத்து, ஷேர் ஆட்டோவுல வருதாம். விக்காத கட்டு சாயங்காலம் மாட்டுக்குத்தான். 12 ரூபா கட்டை 15க்குக் குடுத்தா, ஆட்டோக் காசு போக அந்தம்மாவுக்கு என்ன நிக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. மேல போயி மகள்கிட்ட அதை மட்டும் சொன்னேன். அவ ஒண்ணும் பேசலை.

இங்க கடைசிப் பறிப்பை நிறுத்திட்டோம். கூலி குடுத்துப் பறிச்சா கை நஷ்டம். செடியோட ஆட்டை விட்டாச்சு. அடுத்து துவரை இருக்கு. தை மாசம் செம்மண் கட்டிக் காயவச்சு உடைப்போம். மகள் நேத்து போன் பண்ணி, எதிர்வீட்டுக்கும் சேத்துப் பத்துக் கிலோ பருப்பு எடுத்து வைக்கச் சொன்னா. விலை மட்டும் கேக்கலை. நானே சொல்லிட்டேன், கடை விலையில ஒரு ரூபா கூட உனக்குக் குறைக்கமாட்டேன்னு.