ஒரு கோப்பு, பல்லாயிரம் உயிர்கள்

2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான்களின் வசமானதும், பிரிட்டிஷ் படைகளுடன் பணியாற்றிய ஆப்கானியர்கள் பிரிட்டனில் புகலிடம் கேட்டு விண்ணப்பித்தனர். பெயர், தொடர்பு விவரம், சிலர் குடும்பத்தாரைப் பற்றிய தகவல் என அனைத்தையும் நம்பிக் கொடுத்தனர். அது ஓர் அமானிதம்.

2022 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்த ஒருவர், சுமார் 150 பேரின் விவரம்தான் இருக்கிறது என்று நினைத்து ஓர் அட்டவணைக் கோப்பை மின்னஞ்சலில் வெளியே அனுப்பினார். அதில் சுமார் 33,000 வரிசைகள் மறைந்திருந்தன. ஏறத்தாழ 19,000 விண்ணப்பதாரர்களின் விவரங்கள் கசிந்தன. 2023 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி ஃபேஸ்புக்கில் வெளியான பிறகே அமைச்சகம் விழித்துக்கொண்டது.

அடுத்த மாதமே நீதிமன்றத் தடை வந்தது. கசிவைப் பற்றி மட்டுமல்ல, அப்படி ஒரு தடை இருப்பதைப் பற்றியும் யாரும் பேசக் கூடாது. தாலிபான்களுக்குத் தெரிந்தால் ஆபத்து என்பதே காரணம். அதில் நியாயம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் பாதிக்கப்பட்டோரில் சிலரை அழைத்துவர ரகசியத் திட்டமும் தொடங்கியது. ஆனால் அதே தடை, அமைச்சகத்தை நாடாளுமன்றத்தின் கேள்விகளிலிருந்தும் காப்பாற்றியது. தங்கள் பெயர் கசிந்தது தெரியாததால், பட்டியலில் இருந்த பலரால் இடம் மாறக்கூட வழியில்லை. 2025 ஜூலை 15 அன்று தடை நீங்கிய பிறகே பாதுகாப்பு அமைச்சர் ஜான் ஹீலி மன்னிப்புக் கேட்டார்.

இதில் எந்த ஹேக்கரும் இல்லை. 2021 செப்டம்பரிலும் இதே அமைச்சகம், 245 ஆப்கானியர்களின் மின்னஞ்சல் முகவரிகளை ஒருவருக்கொருவர் தெரியும்படி அனுப்பியிருந்தது. அதற்காகத் தகவல் ஆணையர் அலுவலகம் 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதைவிடப் பன்மடங்கு பெரிய இந்தக் கசிவுக்கோ மேல் நடவடிக்கை தேவையில்லை என்று அதே அலுவலகம் முடிவெடுத்தது. அபராதம் விதித்திருந்தாலும் அது மக்களின் வரிப்பணம்தானே?

எனவே தீர்வு அபராதத்தில் இல்லை. உயிருக்கு ஆபத்தான தகவல்கள் மின்னஞ்சலில் போகும் கோப்பாக இருக்கவே கூடாது. யார் திறந்தார், யார் நகலெடுத்தார் என்பது பதிவாக வேண்டும். கசிந்தால், பாதிக்கப்பட்டவருக்கே முதலில் தெரிவிக்க வேண்டும்.

கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பெயரையும் குடும்பத்தையும் எப்படி மாற்றுவது?