இ20 பெட்ரோல்: பழைய படகு மோட்டாருக்கு கார்புரேட்டர் ஜெட் மாத்தணுமா? மீனவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025-ல் எட்டியது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்கக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது. "மைலேஜ் குறையுது, பழைய வண்டி தாங்குமா?" என்ற விவாதம் முழுக்க கார், பைக்கைச் சுற்றியே ஓடியது.

ஆனால் அதே பங்க்கில் கேனில் பெட்ரோல் வாங்கிச் செல்பவர்கள் இன்னொரு தரப்பும் உண்டு. ஃபைபர் படகில் அவுட்போர்டு மோட்டார் வைத்திருக்கும் மீனவர்கள்தான் அவர்கள். பைக் நின்றால் ஓரமாகத் தள்ளிவிடலாம். நடுக்கடலில் மோட்டார் நின்றால்?

ஜெட் என்றால் என்ன?

கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்ன பித்தளைத் திருகுதான் ஜெட். அதன் நடுவில் முடி போல ஒரு துளை இருக்கும். காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதை அந்தத் துளைதான் முடிவு செய்கிறது. மெதுவாக ஓடும்போது பைலட் ஜெட், முழு வேகத்தில் மெயின் ஜெட் வேலை செய்யும். படகு மோட்டார் பெரும்பாலும் முழு வேகத்தில் ஓடுவதால் மெயின் ஜெட்தான் முக்கியம்.

இ20-ல் என்ன மாறுகிறது?

சாதாரண பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு சுமார் 9 கிலோ போதும். இரண்டும் கலந்த இ20-க்கு இது சுமார் 13.5 கிலோ. அதாவது, அதே காற்றுக்கு இ20 எரிபொருள் எடையில் சுமார் 9 சதவீதம் கூடுதலாக வேண்டும். புதிய கார்களில் இதை சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. துளை எவ்வளவோ, அவ்வளவுதான் விடும்.

டூ-ஸ்ட்ரோக்கில் ஏன் கூடுதல் ஆபத்து?

எரிபொருள் குறைந்தால் என்ஜின் சூடு ஏறும். பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களில் ஆயிலும் பெட்ரோலில் கலந்துதான் உள்ளே போகிறது. கலவை குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு கூடி, வழுக்கல் குறைந்தால் பிஸ்டன் சீஸ் ஆகிடும்.

மோட்டாரைப் பிரித்துக் கட்டும்போது எந்த ஜெட் போடலாம்?

• உள்ளே இருக்கும் ஜெட்டின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். முன்பு பார்த்த மெக்கானிக் மாற்றியிருக்கலாம். மாடல் எண்ணை வைத்து கம்பெனி மேனுவலில் பாருங்கள். ஆரம்பப் புள்ளி அதுதான்.

• எண் கூடினால் துளை பெரிது. ஆனால் சில கம்பெனிகள் துளையின் அளவையும், சில கம்பெனிகள் பாயும் அளவையும் எண்ணாகப் போடுகின்றன. ஒரு பிராண்டின் 100-ம் இன்னொரு பிராண்டின் 100-ம் ஒன்றல்ல.

• எண்ணில் சின்ன வித்தியாசம், பலனில் பெரிய வித்தியாசம். 1.00 மி.மீ. துளையை 1.05 மி.மீ. ஆக்கினால் பரப்பளவு 10 சதவீதம் கூடிவிடும். அதனால் மாற்றுவதாக இருந்தால் ஒரே ஒரு படி மட்டும் ஏற்ற வேண்டும்.

• அடைப்பை எடுக்க கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

• டிரம் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். படகில் மாட்டி, கரைக்கு அருகிலேயே முழு வேகத்தில் ஓட்டி, உடனே ஆஃப் செய்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபி நிறம் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால் எரிபொருள் குறைவு. கறுத்து ஈரமாக இருந்தால் அதிகம்.

மண்ணெண்ணெய் மோட்டாருக்கு?

தமிழகக் கடற்கரையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மோட்டார்களும் உண்டு. இவற்றின் ஜெட் கணக்கே வேறு. பெட்ரோல் மாடல் ஜெட்டை இதில் போடக் கூடாது.

ஜெட் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். அதில் ஆயில் இருக்காது. எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். பழைய ரப்பர் ஹோஸ், டயாபிரம் போன்றவற்றையும் எத்தனால் கெடுக்கும். அதனால்தான் பல அவுட்போர்டு கம்பெனிகள் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்று மேனுவலில் சொல்கின்றன. அமெரிக்காவில் 15 சதவீத எத்தனால் பெட்ரோலைப் படகு என்ஜின்களில் பயன்படுத்தவே அனுமதி இல்லை.

எனவே மோட்டாரைப் பிரிக்கும்போது ஹோஸ், டயாபிரம், கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போடலாம். பெட்ரோலைத் தேவைக்கு மட்டும் வாங்கி, வாரக்கணக்கில் கேனில் வைக்காமல் தீர்த்துவிடுவது பாதுகாப்பு.

ஜெட்டுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். தவறான ஜெட்டால் போவது பிஸ்டன் மட்டுமல்ல, ஒரு நாள் தொழிலும், சில நேரம் படகில் இருப்பவர்களின் உயிரும். இ20 கொள்கை பற்றிய பேச்சு அடுத்த முறை எழும்போது, பங்க்கில் கேனோடு நிற்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.