குடுமிக் கோழியில் சேவல் எது, பெட்டை எது?

வீட்டின் பின்புறம் சிறிது மண்தரை வாய்த்த நம் அன்பர் இல்லங்களில் அலங்காரக் கோழி வளர்க்கும் ஆசை உண்டு. கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தை போன்ற இடங்களில், தலை நிறைய இறகுப் பந்தைச் சுமந்து நிற்கும் போலிஷ் குஞ்சுகளைக் கண்டுவிட்டால் குழந்தைகள் வீடு திரும்ப மறுக்கிறார்கள். விற்பவரும் "ஜோடி" என்று சொல்லி இரண்டைக் கூடையில் இடுகிறார். சில மாதம் சென்றபின் விடியலில் இரண்டும் கூவுகின்றன! அண்டை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். பெயரிட்டு வளர்த்ததைக் கறிக்குக் கொடுக்கப் பிள்ளைகளும் சம்மதிப்பதில்லை.

கொண்டை என்று நாம் வழங்குவது சேவலின் தலைமேலுள்ள சிவந்த சதையை. இங்கே நாம் பேசுவது இறகாலான குடுமியை. நாட்டுக் கோழியில் கொண்டை தடித்துச் சிவப்பதைக் கொண்டே சேவலை அறிந்துவிடலாம். போலிஷ் ஜாதியிலோ கொண்டை இரு சிறு கொம்புகளாகப் பிரிந்து குடுமிக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே குடுமியையே ஆராய வேண்டும்.

பெட்டையின் குடுமி இறகுகள் அகன்று, நுனி வட்டமாகி, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, செவ்வந்திப் பூவைப்போல் உருண்டு நிற்கும். சேவலினுடையவை ஒடுங்கி நீண்டு, நுனி கூர்ந்து, வாராத தலைமயிரைப்போல் பின்னும் பக்கமும் சரியும். பெட்டையின் சினைப்பையில் சுரக்கும் ஹார்மோனே இறகின் நுனியை வட்டமாக்குகிறது. சினைப்பையை அகற்றினால் பெட்டைக்கும் சேவலிறகே முளைக்கும். குஞ்சின் முதல் இறகுகளில் இவ்வேற்றுமை தெரியாது. ஏறத்தாழ 8-ஆம் வாரத்தில் குறி தோன்றும். 12-ஆம் வாரத்தில் பெரும்பாலும் தெளியும். கழுத்திலும் முதுகின் கடைப்பகுதியிலும் பளபளக்கும் கூரிறகு வந்துவிட்டால் சேவல் என்பதில் ஐயமில்லை. பட்டிறகுடைய சில்க்கி ஜாதியில் 5, 6 மாதமும் பொறுத்திருக்க நேரும். ஒருநாள் குஞ்சின் தலைப் பந்தைக் காட்டிப் "பெட்டைதான்" என்று சத்தியம் செய்பவரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம். முட்டையின் வடிவைப் பார்த்துப் பால் சொல்வதும் பொழுதுபோக்கே.

இரண்டு குஞ்சு வாங்கினால் இரண்டும் ஒரே பாலாக அமைவது ஏறக்குறைய இரண்டில் ஒரு தடவை நேரும். இடம் குறைந்தவர்கள், விலை கூடினாலும், மூன்று மாதம் கடந்த விடைக்கோழியாகப் பார்த்து வாங்குவதே மேல்.

இனவிருத்திக்குப் பொறுக்கும்போது எல்லாரும் மிகப் பெரிய குடுமியை நாடுகிறார்கள். இங்கேதான் நிதானம் தேவை. குடுமிக்கு அடியில் மண்டையோடு மேடாகப் புடைத்திருக்கிறது. பிறந்த குஞ்சிலேயே விரலால் தடவி உணரலாம். டார்வின் 1868-ல் வெளியிட்ட நூலில், இந்த ஜாதியின் மண்டையோட்டு எலும்பில் துளைகள் இருப்பதை விவரித்திருக்கிறார். எலும்பு மூடாத இடத்தில் மூளைக்குக் காவல் தோல் மட்டுமே. மற்றக் கோழி ஒரு கொத்துக் கொத்தினால் உயிரே போகலாம். ஆகவே முரட்டு ஜாதிகளோடு இவற்றை ஒரே கூண்டில் விடலாகாது. மேலும், குடுமி தாய் தந்தை இருவர் வழியும் வருவது. சேவலை மட்டும் தேர்ந்து பெட்டையை அலட்சியம் செய்தால் பயனில்லை. வெறுந்தலைக் கோழியோடு சேர்த்தால் குஞ்சுகளுக்குச் சிறு குடுமியே கிடைக்கும்.

எங்கள் தேர்வு இது: நடுவில் பிளவின்றி நேராக நிற்கும் குடுமி, கோணாத முதுகு, தீனியைத் தானே கண்டு கொத்தும் பார்வை. கடைசியாகச் சொன்னதற்கே நாங்கள் முதலிடம் தருவோம். பார்வை மறைந்த சேவல் பெட்டையை அணையத் தெரியாமல் தடுமாறும். முட்டைகள் கருவின்றிப் போகும். இணை சேர்க்கும் காலத்தில் கண்ணருகே விழும் இறகுகளை மழுங்கிய கத்தரியால் குறைத்துவிடலாம். புதிதாக முளைத்து இரத்தம் ஓடும் குருத்திறகை மட்டும் தொடக் கூடாது.

தண்ணீர்ப் பாத்திரம் வாய் குறுகியதாக இருக்கட்டும். குடுமி நனைந்தபடியே இருந்தால் கண்ணிலும் நோய் தொற்றும். பேன் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை இறகைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போலிஷ் பெட்டைக்கு அடைகாக்கும் குணம் குறைவு. முட்டைகளை அடைப்பருவம் வந்த நாட்டுக் கோழியிடம் ஒப்படைத்தால் 21 நாளில் குஞ்சு பொரித்துத் தரும்.