ஆயா நேற்று என்ன சாப்பிட்டார்?

எம்.ஏ. படித்தபோது ஒரகடம் பக்கத்தில் ஒரு சேரிக்குக் கணக்கெடுக்கப் போனேன். கையில் 14 பக்கக் கேள்வித்தாள். திண்ணையில் இருந்த ஆயா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் அவர் ஒன்று கேட்டார்: "போன தபா வந்தவங்களும் இதத்தான் கேட்டுக்கினு போனாங்க. அப்பால என்னா ஆச்சு பாப்பா?"

என்னிடம் பதில் இல்லை. என் ஆய்வேட்டுக்கு மதிப்பெண் வந்தது. ஆயாவுக்கு ஒன்றும் வரவில்லை.

ஆய்வு மக்களிடம் திரும்பி வரவே வராதா? இதே மண்ணில் ஒருமுறை வந்திருக்கிறது. திருப்பெரும்புதூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டே அரசாணை 1010 வந்தது, பஞ்சமி நிலம் கிடைத்தது. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பது தனிச் சண்டை. ஆனால் ஓர் அறிக்கை நிலமாக மாற முடியும் என்பதற்கு அது சாட்சி.

இன்று இங்கே யாரை ஆராய வேண்டும்? முதியவர்களை என்பேன். பேரப்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போய் கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். காலமெல்லாம் நடவு நட்ட ஆயாவை எந்த கம்பெனி கேட்டும் உள்ளே விடாது. வயல் இருந்தபோது வரப்புக் கீரை, நண்டு, நத்தை, ஏரி மீன் எல்லாம் காசில்லாமல் கிடைத்தன. வயல் சுவருக்குள் போனதும் அந்தச் சத்தும் போனது. மிஞ்சியது ரேஷன் அரிசி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரையோடு "அரிசியைக் குறைங்க, முட்டை, பால், பழம் சேர்த்துக்குங்க" என்ற அறிவுரையும் வருகிறது. எதை வைத்துச் சேர்ப்பது? முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயானது. ஒரு நாளைக்கு 40 ரூபாய்.

இன்னொன்று தெரியுமா தோழர்களே? முதியோர் உதவித்தொகை பெறுவோரை 1983இலேயே சத்துணவுத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை பேர் போய்ச் சாப்பிடுகிறார்கள்? மையம் ஊரில் இருக்கிறதா, சேரியில் இருக்கிறதா? முட்டி வலியோடு நடந்து போகிற தூரமா? தட்டோடு போய் நின்றால் மரியாதையாகப் போடுகிறார்களா?

முதுமை பற்றிய லாசி ஆய்வு 2017-18இல் நாடு முழுக்க 72,000 பேருக்கு மேல் சந்தித்தது. நாட்டின் நிலைமை அதில் தெரியும். உங்கள் தெருவில் பசியோடு படுப்பவர் யார் என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிதி வேண்டாம். ஒரு நோட்டு, நாலு பேர், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். நேற்று மூன்று வேளையும் என்ன சாப்பிட்டார், யார் சமைத்தது, கடைசியாக முட்டையோ மீனோ எப்போது, உதவித்தொகை வருகிறதா, இல்லையென்றால் எந்த மேசையில் மனு நிற்கிறது என்று எழுதுங்கள். சாதியையும் எழுதுங்கள். அதை விட்ட கணக்கில் நாம் காணாமல் போவோம்.

எழுதியதைக் கல்லூரியில் மட்டும் கொடுக்காதீர்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராமசபை கூடுகிறது. அங்கே எழுந்து வாசியுங்கள், தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு அதே திண்ணைக்குத் திரும்பிப் போய், என்ன ஆச்சு என்று ஆயாவிடம் சொல்லுங்கள்.

அன்று நான் போகவில்லை. நீங்கள் போங்கள்.